வருசக் கடைசிக்குள் உடம்பைத் தேற்ற ஐந்து குறி எழுதினேன், எதை வைப்பது, எதை விடுவது?

பிளேன்டீ (ஹட்டன்) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 38 வயது. டவுனில் ஒரு கந்தோரில் கிளார்க் வேலை, காலையில் எட்டரைக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் ஐந்து மணிக்குத்தான் எழும்புவது. பிறந்து வளர்ந்தது தோட்டத்தில், லயத்து வரிசை வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு ஏத்தமும் இறக்கமுமாக முக்கால் மணி நேர நடை, அதை ஒரு நடை என்றே அன்றைக்கு யாரும் நினைத்ததில்லை. இப்போது வாடகைக்கு இருக்கும் வீட்டிலிருந்து மெயின் ரோட்டுக்கு ஏற 112 படி இருக்கிறது (எண்ணிப் பார்த்தேன்), பாதியில் ஒருதரம் நின்று போனைப் பார்ப்பதுபோல் பாவனை காட்டுகிறேன், மூச்சு வாங்குவது பக்கத்து வீட்டாருக்குத் தெரியக்கூடாதே என்று.

போன மாதம் கிளினிக்கில் பார்த்ததில் எடை 81 கிலோ, உயரம் 168 சென்டிமீட்டர், வெறும் வயிற்றில் சீனி 114. டொக்டர் மருந்து எழுதவில்லை. நடங்க, குறைங்க, மூன்று மாதத்தில் திரும்ப வாங்க என்றார், அவ்வளவுதான். அம்மாவுக்கும் சீனி வருத்தம் இருப்பதால் கொஞ்சம் பயந்துவிட்டேன்.

அன்றைக்கு இரவே பிள்ளையின் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து எழுதினேன். டிசம்பர் 31க்குள் 10 கிலோ குறைப்பது, தினம் 10,000 அடி நடப்பது, நிற்காமல் 5 கிலோமீட்டர் ஓடுவது, ஒரே மூச்சில் 50 தண்டால், சீனியை அடியோடு விடுவது. இன்றைக்கு பதினோராவது நாள், ஐந்தில் ஒன்றுகூட உருப்படியாக நடக்கவில்லை. ஓட்டம் இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் மழை. அப்புறம் மழை விட்டது, நான்தான் போகவில்லை.

வீட்டில் ஜனவரியில் தொடங்கலாமே என்கிறாள். எனக்கு ஜனவரி மேல் நம்பிக்கை இல்லை, போன ஜனவரியில் ஒரு ஜிம்முக்கு மூன்று மாதக் காசைக் கட்டிவிட்டு ஒன்பது நாள் போனவன் நான். இன்னும் பதினாறு வாரம் இருக்கிறது. இந்த ஐந்தில் எதை வைக்கலாம்? மழைக்கு என்ன செய்கிறீர்கள்? அதைத்தான் கேட்க வந்தேன்.

---

கண்டி ஓட்டக்காரன்:

ஐந்தையும் ஒரே இரவில் எழுதியதுதான் பிழை, மற்றபடி ஒவ்வொன்றும் நல்ல குறிதான்.

கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ கொழுப்பு குறைய ஏறத்தாழ 7,700 கலோரி மிச்சம் பிடிக்க வேண்டும் என்பார்கள். 10 கிலோவுக்கு 77,000. பதினாறு வாரம் என்றால் 112 நாள், நாளுக்கு கிட்டத்தட்ட 690 கலோரி. அது ஒரு நேரச் சாப்பாடு, அதை 112 நாளும் விட வேண்டும், நடுவில் தீபாவளி வேறு வருகிறது. உடம்பு இப்படிக் கணக்குப் புத்தகம்போல் நடக்காது என்பது தெரியும், ஆனாலும் ஒரு மதிப்புக்குச் சொல்கிறேன். அதையே 5 கிலோ என்று வைத்தால் நாளுக்கு 345 அளவில் வந்து நிற்கும். உங்கள் பெயரே பிளேன்டீ, பால் இல்லாத தேத்தண்ணி, ஒரு நாளைக்கு எத்தனை குடிக்கிறீர்கள்? ஏழு என்றும், ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி என்றும் வைத்தால் 70 கிராம் சீனி, 280 கலோரி. உங்கள் 5 கிலோவில் பெரும்பங்கு அந்தக் கோப்பைக்குள்தான் கிடக்கிறது.

அந்த 10,000 அடியையும் பெரிதாக எடுக்காதீர்கள். அது மருத்துவர் யாரும் கண்டுபிடித்த எண் இல்லை, 1965ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயர், மான்போ-கெய், பத்தாயிரம் அடி மானி என்று பொருள், அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவியது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம், கொஞ்சம் மூச்சு வாங்குகிற அளவில், அதோடு இரண்டு நாள் தசைக்குப் பயிற்சி. நிமிடத்தை எண்ணுவது எனக்குச் சுலபமாக இருக்கிறது.

5 கிலோமீட்டர் ஓட்டம் என்னுடைய சரக்கு, ஆனால் உங்களுக்கு இப்போது வேண்டாம் என்றுதான் சொல்வேன். நான் கண்டி வாவியைச் சுற்றி ஓடுகிறவன், ஒரு சுற்று மூன்று கிலோமீட்டருக்குச் சொச்சம், தட்டையான பாதை, வழிநெடுக மரநிழல். ஹட்டனில் அப்படி ஓட எங்கே இருக்கிறது? டன்பார் மைதானத்தை விட்டால் எல்லாம் ஏத்தம் இல்லாவிட்டால் இறக்கம். 81 கிலோவோடு தார் ரோட்டில் இறக்கத்தில் ஓடினால் முழங்கால் பேச ஆரம்பித்துவிடும்.

---

படிக்கட்டு (கொட்டகலை):

தம்பி, உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது, 112 படி என்று எண்ணி வைத்திருக்கிறீர்களே!

எனக்கு 54 வயது. சிவனொளிபாத மலைக்கு வருசா வருசம் போகிறவன், போன தடவை மேலே மணியைப் பத்தொன்பது தரம் அடித்தேன் (எத்தனையாவது தடவை வந்தோமோ அத்தனை தரம் அடிப்பது அங்கே வழக்கம்). நல்லதண்ணியிலிருந்து உச்சிக்கு 5,500 அளவில் படி இருக்கும், ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள், 5,200 என்பாரும் உண்டு. உச்சி 2,243 மீட்டர், அடியிலிருந்து ஆயிரம் மீட்டர் அளவுக்கு ஏற வேண்டும். உங்கள் 112ஐ 49 தரம் ஏறினால் அதுதான் மலை. ஒரே நாளில் ஏறச் சொல்லவில்லை, பயப்படாதீர்கள்.

நான் சொல்வது இதுதான். எடைக்கும் தண்டாலுக்கும் குறி வைக்காமல், டிசம்பரில் உந்துவப் போயா என்ற பௌர்ணமி நாளோடு மலைப் பருவம் தொடங்குகிறதே, அதற்குப் பிறகு வருசம் முடிவதற்குள் ஒரு நாள் மலை ஏறி, சூரியோதயம் பார்த்து, முழங்காலைப் பிடித்துக்கொள்ளாமல் இறங்கி வருவது என்று ஒரே குறியாக வையுங்கள். மலைநாட்டுக்காரனுக்குக் கிலோமீட்டர் கணக்கு ஒட்டாது. நமக்கு ஏத்தம்தான் அளவு. அங்கே மைல்கல்லைப் பார்த்து நடப்பவனைவிட அடுத்த தேத்தண்ணிக் கடை வெளிச்சத்தைப் பார்த்து நடப்பவன்தான் மேலே போய்ச் சேர்கிறான்.

பழகுவது எப்படி என்றால், முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், 112 படியை நாலு தரம். ஏறும்போது பக்கத்தில் ஆள் இருந்தால் ஒரு வசனம் முழுதாகப் பேச முடிய வேண்டும். முடியவில்லையா, வேகம் கூட என்று அர்த்தம், மெதுவாகப் போங்கள். நிற்க வேண்டாம், மெதுவாகப் போங்கள், இரண்டும் வேறு. வாரத்துக்கு இரண்டு தரம் கூட்டினால் டிசம்பர் தொடக்கத்தில் 25 தரம் அளவில் வந்துவிடும். பாதி மலை. பாதி மலையை வீட்டு வாசலில் ஏறுகிறவனுக்கு முழு மலை வரும், இரவின் குளிரும் கூட்டமும் மிச்சத்தை இழுத்துக்கொண்டு போய்விடும்.

இறக்கத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, அதைத்தான் நான் பெரிதாகச் சொல்வேன். ஏறும்போது நெஞ்சுதான் கஷ்டப்படும். இறங்கும்போது தொடை. உடம்பின் பாரத்தை ஒவ்வொரு படியிலும் தொடைத்தசை இழுபட்டுக்கொண்டே தாங்க வேண்டும், பழகாத தசைக்கு அதுதான் பெரிய அடி. நான் முதல் தடவை போனபோது இளந்தாரி, புதுச் சப்பாத்து, ஏறும்போது எல்லாரையும் முந்தினேன், இறங்கும்போது பாதியிலேயே தொடை வெடவெடவென்று ஆட ஆரம்பித்து, எழுபது வயது ஆச்சி ஒருவர் வெறுங்காலோடு என்னைத் தாண்டிப் போனார். கால் பெருவிரல் நகம் இரண்டும் கறுத்து விழுந்தது. மூன்றாம் நாள்வரை கக்கூஸுக்குக் குந்த முடியவில்லை. அதனால் வாசல் படியில் இறங்கும்போதும் பயிற்சி என்று நினைத்து, குதிக்காமல், காலை மெதுவாக வைத்து இறங்குங்கள். சப்பாத்தை நவம்பரிலேயே வாங்கி அதோடு பழகுங்கள், நகத்தை ஒட்ட வெட்டுங்கள், மலைக்குப் போகும்போது ஒரு கைத்தடி.

சனி ஞாயிறும் போயாவும் வேண்டாம், படியில் வரிசையில் நிற்க வேண்டிவரும், வேர்த்த உடம்பு குளிரில் விறைத்துவிடும். வார நாளில் லீவு போடுங்கள்.

---

கீழ் டிவிசன் அக்கா (பொகவந்தலாவை):

படிக்கட்டு அண்ணா சொன்னது எல்லாம் சரி, ஆம்பிளைக்குச் சரி. ஒரு பொம்பிளை விடியற்காலை ஐந்தரைக்கு வாசல் படியை நாலு தரம் ஏறி இறங்கினால் லயத்தில் என்ன பேசுவார்கள் என்று யாராவது யோசித்தீர்களா? எனக்கே நடந்தது. "பிள்ளைகளை எழுப்பிச் சாப்பாடு கட்டாமல் இது எங்கே போகிறது" என்று ஒருத்தி, "சும்மா ஏறி இறங்குதே, பைத்தியமா" என்று இன்னொருத்தி. நாய்த்தொல்லை தனிக்கதை. கடைசியில் தண்ணி எடுக்கப் போகிற மாதிரி குடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தேன், அப்புறம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

இன்னொன்று. தோட்டத்து ஆட்களுக்கு உடற்பயிற்சியே தேவையில்லை, அவர்கள்தான் நாள் முழுக்க நடக்கிறார்களே என்று வெளியில் இருப்பவர்கள் சொல்வார்கள். என் அம்மா முப்பது வருசத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர், மூட்டையோடு ஏத்தம் ஏறியவர், அவருக்கும் பிரஷரும் சீனியும் வந்தது. காலையில் கோதுமை மா ரொட்டி, மத்தியானமும் ரொட்டி, தொட்டுக்கொள்ள சம்பல், நடுவில் நாலைந்து தரம் சீனி போட்ட சாயத்தண்ணி. முட்டையும் மீனும் பயறும் எத்தனை நாள் கண்டோம்? கால்களை மட்டும் பார்த்துக் குறி வைத்தால் பத்தாது, தட்டையும் பாருங்கள்.

நானும் இரண்டு வருசத்துக்கு முன் இப்படித்தான் தாள் எழுதினேன். நடக்க நடக்க மூச்சு முட்டியது, எனக்கு மனவலிமை இல்லை என்று என்னையே திட்டிக்கொண்டேன். கிளினிக்கில் இரத்தம் பார்த்தால் எச்பி (ஹீமோகுளோபின்) 9.4. பொம்பிளைகளுக்கு 12க்குக் கீழே போனாலே இரத்தசோகை. எனக்குத் தேவைப்பட்டது நடையில்லை, இரும்புச்சத்து மாத்திரை! அங்கே இருந்த தாதி மிஸ்தான் சொன்னார், சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் சாப்பாட்டில் இருக்கிற இரும்பை உடம்பு எடுக்க அது விடாது, ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிங்க என்று. தேயிலைக் காட்டிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது நாற்பது வயதில்தான் தெரிய வந்தது. மூன்று மாதம் மாத்திரை எடுத்த பிறகு அதே ஏத்தம், மூச்சு முட்டவில்லை. வீட்டில் அண்ணிக்கும் ஒருதரம் இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள், ஜனவரிக்குத் தள்ளிப்போடுகிறார் என்றால் சோம்பல் என்று நினைத்துவிட வேண்டாம்.

---

பிளேன்டீ:

அக்கா, நீங்கள் சொன்னது சுருக்கென்று தைத்தது. அவள் படி ஏறும்போது என்னைவிட அதிகமாக நிற்கிறாள், நான் அதைக் கேலிகூடச் செய்திருக்கிறேன். அடுத்த கிளினிக்குக்கு இரண்டு பேரும் போகிறோம்.

கண்டி அண்ணா, ஏழு இல்லை. எட்டு. கந்தோரில் மட்டும் ஐந்து. சீனி எத்தனை கரண்டி என்று கேட்காதீர்கள், கரண்டி எப்போதும் குவிந்துதான் இருக்கும்.

படிக்கட்டு அண்ணா, மலை என்றதும் மனசு இழுக்கிறது. இரண்டு தடவை போயிருக்கிறேன், இரண்டும் பள்ளிக்கூடக் காலத்தில், இரண்டாவது தடவை அப்பாவோடு. ஆனால் இப்போதே ஆசைப்பட்டுவிட்டு இந்த மழையில் என்ன செய்வது?

---

பதுளை மழை:

மழைக்குப் பதில் என் பெயரிலேயே இருக்கிறது, நான் சொல்கிறேன். உங்கள் பக்கம் தென்மேல் பருவமழை இந்த மாதத்தோடு தளர்ந்துவிடும். ஒக்டோபர், நவம்பரில் பெரும்பாலும் மத்தியானத்துக்குப் பிறகுதான் இடியும் மழையும், காலை வெளுத்து இருக்கும். அதனால் மாலையில் வேலை விட்டு வந்து ஏறலாம் என்று திட்டம் போட்டால் வாரத்தில் நாலு நாள் நனைவீர்கள், காலைக்கு மாற்றுங்கள். டிசம்பரில் வடகீழ் பருவமழை எங்கள் ஊவாப் பக்கம்தான் கூடுதலாகக் கொட்டும், உங்களுக்கு அவ்வளவு இல்லை. மண்சரிவு எச்சரிக்கை வந்த நாட்களில் மட்டும் குறியும் வேண்டாம் கொள்கையும் வேண்டாம், வீட்டிலேயே இருங்கள்.

வீட்டுக்குள் செய்ய, நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழும்புவது, பத்துப் பத்தாக மூன்று தரம். தண்டாலை நிலத்தில் ஆரம்பிக்காதீர்கள், மேசை விளிம்பைப் பிடித்துச் சரிந்து எடுங்கள், அது பதினைந்து வந்த பிறகு தாழ்வான பலகைக்கு இறங்கலாம். 50 என்பது யார் கேட்டது? பத்து ஒழுங்காக வந்தால் போதும்.

ஆனால் படிக்கட்டு அண்ணாவோடு ஒரு சண்டை இருக்கிறது. ஒரே மலையில் எல்லாவற்றையும் கட்டித் தொங்கவிடக்கூடாது. நானும் ஒரு வருசம் அப்படித்தான் மலைக்கென்று மூன்று மாதம் ஏறினேன், மலை ஏறினேன், போட்டோ போட்டேன், எண்பது பேர் நல்லா இருக்கு என்றார்கள், வந்து படுத்தவன் சித்திரைப் புத்தாண்டுவரை எழும்பவில்லை. குறைந்த எடை பலகாரத்தோடு திரும்பி வந்தது. மலைக்கு அடுத்த வாரம் என்ன செய்வது என்பதையும் இப்போதே எழுதி வையுங்கள், சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை.

---

படிக்கட்டு (கொட்டகலை):

பதுளைத் தம்பி சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். நான் ஏன் நிற்காமல் போகிறேன் என்றால் அடுத்த வருசமும் மலை அங்கேயேதான் இருக்கும், மணி ஒன்று கூட வேண்டும் என்ற ஆசை. எல்லாருக்கும் அந்தப் பைத்தியம் பிடிக்க வேண்டும் என்றில்லை.

---

மருந்துச்சீட்டு (நுவரெலியா மாவட்டம், தாதி):

இரவு டியூட்டி முடிந்து எழுதுகிறேன், நீளமாக இருக்காது என்று நினைத்தேன்.

வெறும் வயிற்றுச் சீனி 100 முதல் 125வரை என்றால் இன்னும் வருத்தமாகவில்லை, எல்லையில் நிற்கிறது, 126ஐத் தொட்டால்தான் அந்தப் பக்கம். 114 என்பது திரும்பி வரக்கூடிய இடம். இதுக்கென்றே அமெரிக்காவில் நடத்தி 2002ல் வெளியிட்ட பெரிய ஆய்வு ஒன்று உண்டு. எல்லையில் நின்றவர்களுக்கு எடையில் 7 சதவீதம் குறைப்பதும் வாரத்துக்கு 150 நிமிட நடையும்தான் இலக்கு. அந்தக் கூட்டத்தில் சீனி வருத்தமாக மாறுவது 58 சதவீதம் குறைந்தது. உங்கள் 81 கிலோவில் 7 சதவீதம் என்பது ஆறு கிலோகூட இல்லை. 10ஐ வெட்டிவிட்டு 5 என்று எழுதச் சொன்ன கண்டிக்காரர் கணக்கு அதோடு ஒத்துத்தான் போகிறது.

எடையோடு இடுப்பையும் அளந்து வையுங்கள், தொப்புள் மட்டத்தில், வயிற்றை உள்ளே இழுக்காமல். தெற்காசிய ஆம்பிளைகளுக்கு 90 சென்டிமீட்டர், பொம்பிளைகளுக்கு 80, அதற்கு மேலே போனால் கவனிக்க வேண்டும். சில நேரம் எடை அசையாது, சாரத்தை இறுக்கிக் கட்ட வேண்டிவரும், அதுவும் முன்னேற்றம்தான். எடையைத் தினம் பார்க்காதீர்கள், வாரத்துக்கு ஒருநாள், அதே கிழமை, காலையில்.

சீனியை அடியோடு விடுகிறேன் என்கிறவர்கள் நாலாம் நாள் கிரீம் பிஸ்கட்டோடு வருவதை நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டு வாரத்துக்கு ஒரு அரைக் கரண்டி குறையுங்கள், நாக்குப் பழகிவிடும். முதலில் கரண்டியைத் தட்டையாக்குங்கள்.

பிரஷர் பார்க்காமல் மலைப் பயிற்சி தொடங்க வேண்டாம். ஏறும்போது நெஞ்சை இறுக்கினால், தாடைக்கோ இடது கைக்கோ வலி போனால், தலை சுற்றினால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், அது பயிற்சியால் சரியாகிற விஷயம் இல்லை. மருந்து எடுக்கிற சீனிக்காரர் யாராவது இதைப் படித்துவிட்டு மலைக்குக் கிளம்பினால் முதலில் உங்கள் டொக்டரிடம் கேளுங்கள், ஏறும்போது சீனி சட்டென்று இறங்கலாம்.

---

பிளேன்டீ:

எல்லாருக்கும் நன்றி. பழைய தாளைக் கிழித்துவிட்டேன், புதுசு இப்படி. டிசம்பரில் ஒரு வார நாளில் மலை. அதற்கு வாசல் படி, ஒருநாள் விட்டு ஒருநாள், காலையில், நாலு தரத்திலிருந்து. மழை என்றால் நாற்காலியும் மேசை விளிம்பும். தேத்தண்ணி எட்டிலிருந்து ஐந்து, கரண்டி தட்டை. எடை 76 வந்தால் சந்தோசம், வராவிட்டால் இடுப்பை அளப்பேன். ஓட்டத்தை அடுத்த வருசத்துக்கு விட்டுவிட்டேன், கண்டி அண்ணா கோபிக்க வேண்டாம். மலைக்கு அடுத்த வாரத்துக்கும் எழுதிவிட்டேன், பதுளை அண்ணாவுக்காக: அதே படி, பத்துத் தரம்.

இன்று காலை முதல் நாள். நாலு தரம் ஏறினேன், மூன்றாவதில் மட்டும் நின்றேன், போனைப் பார்க்கவில்லை, சும்மாதான் நின்றேன். பக்கத்து வீட்டு ஐயா கதவைத் திறந்து "என்ன தம்பி, ஏதாவது தொலைந்துவிட்டதா" என்று கேட்டார். விசயத்தைச் சொன்னேன். நாளை மறுநாள் அவரும் வருகிறாராம், அவருக்கு 63.

---

கீழ் டிவிசன் அக்கா (பொகவந்தலாவை):

அந்த ஐயாவின் பிரஷரையும் பார்த்துவிட்டுக் கூட்டிப் போங்கள் தம்பி.

---

படிக்கட்டு (கொட்டகலை):

மலைக்குப் போகிற நாளை முடிவு செய்ததும் சொல்லுங்கள், நானும் வரப் பார்க்கிறேன். காலுறை இரண்டு சோடி, தலைக்கு ஒரு தொப்பி, மேலே போனதும் மாற்ற ஒரு காய்ந்த பெனியன். மூன்றாவது தடவை என்றால் மூன்று தரம் அடிக்கலாம்.